பால்மரத்துக்குக் கால் வைத்த மதாம்

ஆஸ்பத்திரி வேலைக்குப் பழகும் இளைஞர்கள் சிலருக்கு நான்கு வார்த்தை சொல்லும்படி போன மாதம் என்னை அழைத்திருந்தார்கள். புண் கட்டி மருந்து கொடுத்து ஓய்வு பெற்ற தோட்டத்து டிரசரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று எனக்கே சந்தேகம்தான். இருந்தாலும் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனேன். அங்கே துடியான ஒரு பெண் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினாள். எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டுத் துணி, சுருள் சுருளாகச் சுற்றி, கப்பலில் தயாராக வந்திருந்தது.

"தண்ணியில முக்கி எடுத்துச் சுத்துனா வேல முடிஞ்சது லா, ஐயா. உங்க காலத்துல எப்படிச் செஞ்சீங்க?"

"வறுத்தம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் விளக்கினேன். அந்த வெள்ளை மாவை நாங்கள் பாரிஸ் சாந்து என்போம். தண்ணீர் பட்டால் கல்லாக இறுகுவதுதான் அதன் குணம். ஆனால் மலாயாவில் இந்த ஜொகூரின் ஈரக்காற்று சும்மா விடாது. மூடிய டப்பாவுக்குள்ளும் நுழைந்து மாவைக் கெடுத்துவிடும். கெட்ட மாவில் கட்டுப் போட்டால் நாள் முழுக்கக் காத்திருந்தாலும் களிமண் போலக் கிடக்கும். அதை இரும்புச் சட்டியில் கொட்டி, கரி அடுப்பில் வைத்து, அடிபிடிக்காமல் கிளறி வறுத்தால் மறுபடி உயிர் வரும். ஆறியதும் மெல்லிய துணியில் கொட்டி உள்ளங்கையால் தேய்த்து ஏற்றி, இறுக்கமில்லாமல் சுருட்டி வைப்போம்.

"இத உங்களுக்கு எந்த டாக்டர் சொல்லிக்குடுத்தாரு?"

"டாக்டர் இல்லை பிள்ளை. சிலை செய்யிற பிரெஞ்சுக்காரி ஒருத்தி."

பேர் பெற்றவரா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். பேர் பெற்றிருக்க வேண்டியவர். அது நடக்காமல் போனதில் எங்கள் தோட்டத்துக்கும் பங்குண்டு. அன்று அவர்களிடம் பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்ல அது இடமில்லை. எழுதுவது சுலபம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தேன். முதல் உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாமாவின் பின்னால் ஜொகூருக்கு வந்து, ஆஸ்பத்திரியில் சட்டி கழுவி, புண் கழுவி, திட்டு வாங்கி, டிரசர் ஆனேன். விஷக்காய்ச்சல் வந்த வருஷம் பிணம் தூக்கவும் ஆளில்லாமல் நாங்களே தூக்கினோம். பிறகு தோட்டம் தோட்டமாக மாற்றினார்கள். உலு திராம் பக்கம் காடு அழித்தபோது அங்கே இருந்தேன். முப்பதுகளில் ரப்பர் விலை விழுந்து எழுந்த பிறகு, சிம்பாங் ரெங்கத்துக்கு உள்ளே பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொந்தமான ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஆஸ்பத்திரி என்றால் பன்னிரண்டு கட்டில், ஒரு மருந்தறை, நான். டாக்டர் எப்போதாவது வருவார்.

தோட்டத் துரை பிரெஞ்சுக்காரர். அவருடைய தங்கை ஒருநாள் கப்பலில் வந்து இறங்கினார். முப்பது தாண்டிய வயது, கல்யாணம் ஆகாதவர், தலைமுடியைக் காதோடு வெட்டி, ஆண்கள் போல் காற்சட்டை போட்டிருப்பார். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் எங்கள் பெரிய கிராணி புதுச்சேரிக்காரர். அவர் வாயிலிருந்து வந்த 'மதாம்' என்ற பெயரே தோட்டம் முழுவதும் ஒட்டிக்கொண்டது.

அவர் ஏன் வந்தார் என்பதையும் கிராணிதான் சொன்னார். பாரிஸில் கனவில் வருவதை எல்லாம் சிற்பமாகவும் படமாகவும் செய்யும் கூட்டம் ஒன்று இருந்ததாம். மதாம் அந்தக் கூட்டத்தோடு பழகியவர். ஒரு கண்காட்சியில் நிஜமான நீதிபதி நாற்காலி ஒன்றை வைத்து, அதில் உட்காருகிற இடத்தில் பெரிய வாய் ஒன்றை மட்டும் செய்து வைத்தாராம். உதடும் பல்லும் நாக்கும் அச்சு அசலாக. பார்க்க வந்த பெரிய மனிதர்கள் காறித் துப்பி, கைத்தடியால் அடித்து நொறுக்கினார்கள். போலீஸ் வந்தது. குடும்ப மானம் போனது என்று அண்ணன் இங்கே வரவழைத்துவிட்டார்.

"இங்க வந்து எந்த நாற்காலியில வாய வெக்கப் போறாங்களோ" என்றார் கிராணி, தன் நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டே.

வந்த வாரமே மதாம் என் மருந்தறைக்குள் நுழைந்தார். வணக்கம் ஒன்றும் கிடையாது. அலமாரியிலிருந்த மாவு டப்பாவைத் திறந்தார், விரலை விட்டு எடுத்தார், நாக்கில் வைத்தார்.

"இது செத்துப்போயிருக்கிறது" என்றார். அவருடையது உடைந்த ஆங்கிலம். நான் தமிழில் எழுதுகிறேன்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. என் மருந்தறையில் என் மாவைச் செத்தது என்று சொல்ல இவர் யார்? ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் ஒரு கைக்கட்டு இறுகாமல் நான் திண்டாடியிருந்தேன். அவர் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பங்களா சமையற்கட்டுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். சமையற்காரர் முறைத்துக்கொண்டு நிற்க, கறிச் சட்டியில் என் மாவை வறுத்துக் காட்டினார் அந்த அம்மாள். அன்றிலிருந்து நான் அவருக்குக் கையாள் ஆனேன். துரையும் சரி என்றார். தங்கை எதிலாவது மும்முரமாக இருந்தால் போதும் என்பது அவர் எண்ணம்.

என் வேலைக்காலத்தில் எத்தனையோ மேலதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். மதாமைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை. நன்றி என்று சொல்ல மாட்டார். தவறு செய்தால் திட்டவும் மாட்டார். அந்த வேலையை முதலிலிருந்து தானே செய்வார், நாம் வெட்கப்பட்டுக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். அவருக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களின் கால்கள்தான் வேண்டும். ரப்பர் தகடு உலர்த்திய பழைய புகைக் கொட்டகை ஒன்றைப் பட்டறையாக்கி, விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து, பால் எடுத்து முடித்து வருகிறவர்களைக் கூப்பிடுவார். ஒரு முக்காலியில் உட்காரவைத்து, வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து, முழங்காலில் நின்று தானே அவர்கள் காலைக் கழுவுவார். முதலில் எல்லோரும் காலை இழுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரி தொட்டுக் கழுவினால் பாவம் யாருக்குச் சேரும் என்று கங்காணியிடம் போய்க் கேட்டவர்களும் உண்டு.

கழுவிய காலில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். பிறகு ஒரு நூலை முழங்காலிலிருந்து நேராக இறக்கி, பாதத்தின் நடுவே ஓட்டி, மறுபக்கம் ஏற்ற வேண்டும். அதன் மேல் குழைத்த மாவைப் பூசுவோம். மாவு இறுக ஆரம்பித்து, முழுக்க இறுகிவிடாத அந்தச் சமயம் பார்த்து நூலின் இரு முனையையும் பிடித்து இழுத்தால் அச்சு இரண்டாகப் பிளக்கும். கொஞ்சம் முந்தினால் குழைந்துவிடும், பிந்தினால் நூல் அறுந்துவிடும். அந்த நூலை மதாம் யாருக்கும் கொடுக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, மாவின் மேல் புறங்கையை வைத்து, சூடு ஏறுவதைப் பார்த்து இழுப்பார். அச்சு கிடைத்துவிட்டால் உள்ளே சோப்பு தடவி, மாவை ஊற்றி, எத்தனை கால் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இங்கேதான் கதை வேறு பக்கம் திரும்பியது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காலில் புண் வந்தவர்கள் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கால்போல வெட்டி அம்மனுக்குச் சாத்துவார்கள். ஊரில் வசதியுள்ளவர்கள் வெள்ளியில் செய்கிற உருவைத்தான் இங்கே தகரத்தில் செய்தார்கள். மதாம் முதலில் அச்செடுத்த ஒரு கிழவருக்குக் காலில் நாள்பட்ட புண். தினம் தினம் கழுவிக் கட்டியவன் நான். அது ஆறியது. அவரோ, மதாம் வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு மாவுக்காலைக் கேட்டு வாங்கிப் போய் அம்மன் முன்னால் வைத்தார். தகரக் காலுக்கே இரங்குகிற அம்மன், நரம்பும் நகமும் பிசகாத இந்தக் காலுக்கு எவ்வளவு இரங்குவாள் என்று ஆட்கள் குடியிருந்த லயம் முழுக்கப் பேச்சு. புண்ணைக் கட்டியவனுக்கு ஒரு வார்த்தை கிடையாது.

அதன் பிறகு முக்காலிக்கு வரிசை நின்றது. ஆளுக்கு இரண்டு கால் எடுப்பது என்று மதாம் ஒப்புக்கொண்டார். ஒன்று அம்மனுக்கு, ஒன்று அவருக்கு. ஒருநாள் என்னோடு கோயிலுக்கு வந்து பார்த்தார். வெள்ளைக் கால்கள் குவிந்திருந்தன. எல்லாவற்றிலும் மஞ்சள், குங்குமம், வேப்பிலை. மதாம் கண்ணைத் துடைத்தார்.

"பாரிஸில் நான் செய்ததை உடைத்தார்கள். இங்கே பூ வைக்கிறார்கள். என்னை நம்பியவர்கள் இவர்கள்தான்" என்றார்.

அவர்கள் நம்பியது உங்களை அல்ல, அம்மனை என்று சொல்ல நினைத்தேன்.

வரிசையில் வந்தவர்களில் ஒருத்திதான் அஞ்சலை. அவளுடைய அப்பனையும் அம்மாவையும் உலு திராம் காடழிப்பில் மலேரியா கொண்டுபோனது எனக்குத் தெரியும். கட்டியவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஊர் என்று ஒன்று கப்பலுக்கு அந்தப் பக்கம் இருந்தது, அங்கே அவள் பேர் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. நன்றாகப் பால் வெட்டுவாள், அதைவிட நன்றாக வாயடிப்பாள். "டிரசரய்யா பேசுற யாப்பாணத் தமிழு பாதி வெளங்காது, ஊசி மட்டும் நல்லா வெளங்கும்" என்பாள். இடது கெண்டைக்காலுக்குக் கீழே அவளுக்கு ஒரு புண். ஆழமானது என்றாலும் ஆறிக்கொண்டு வந்தது.

"ஏன் மதாம், காலையே எடுக்கறீங்க, என் மூஞ்சி நல்லா இல்லியா?" என்று முக்காலியில் உட்கார்ந்ததுமே கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன்.

"முகம் பொய் சொல்லும். கால் சொல்லாது" என்றார் மதாம்.

"அட, எங்க காலும் பொய் சொல்லும் மதாம். பெரட்டுக்கு வரப்ப நொண்டும், திருவிழாவுக்குப் பறக்கும்."

மதாம் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். புண்ணின் மேல் மாவு படக்கூடாது என்று நான் எண்ணெய்த் துணி போட்டு மூடினேன். அஞ்சலைக்கு அது பிடிக்கவில்லை. புண் தெரியாவிட்டால் அம்மனுக்கு இடம் எப்படித் தெரியும் என்றாள். மதாம் அதைக் கேட்டு, வார்த்தெடுத்த இரண்டு கால்களிலும் அதே இடத்தில் புண்ணைச் சின்னக் கத்தியால் செதுக்கினார். அஞ்சலை ஒன்றை இடுப்பில் பிள்ளைபோல் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

மற்றதை என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். பால் வற்றியதால் வெட்டிச் சாய்த்த பழைய மரம் ஒன்றைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் மதாம். பட்டையில் வருஷக்கணக்காக உளி ஓடிய தழும்பு அப்படியே இருந்தது. அடியில் வேர் இருக்க வேண்டிய இடத்தில் மனிதக் கால்கள். வெடித்த குதிகால், விரிந்த விரல், மெட்டி போட்ட தடம், புண் எல்லாம் தெரிந்தது. அத்தனை காலும் ஒரே திசை நோக்கி, தோட்டத்து வாசலைப் பார்த்து அடியெடுத்து நின்றன. எனக்குச் சிலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தால் அந்த மரத்துக்கு வழிவிட்டு ஒதுங்கத் தோன்றும். அதைப் பாரிஸுக்கு அனுப்பப்போவதாக மதாம் சொன்னார். அதோடு தானும் திரும்பிப் போக முடியும் என்று நம்பினார். தங்கள் கால் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஆட்கள் வந்து போனார்கள். அஞ்சலையும் வந்து, தன் காலுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அவள் என்னிடம் வரவில்லை. இரண்டொரு நாள் பொறுத்தேன். பெரட்டுக்கும் வரவில்லை என்று கங்காணி சொன்னதும் லயத்துக்கே போனேன். கதவைத் தாண்டும்போதே நாற்றம் அடித்தது. புண்ணில் வேப்பிலை மட்டும் வைத்துக் கட்டியிருந்தாள்.

"ஏன் கட்டுப் போட வரேல்லை? காலைக் காட்டு பாப்பம்" என்று சத்தம் போட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க டிரசரய்யா. அம்மனுக்கு உரு குடுத்துட்டேன். குடுத்தப்பறம் புண்ணு அவளோடது. திருநா முடியறவரைக்கும் மனுச மருந்து படக்கூடாது."

இப்படி ஒரு கட்டுப்பாட்டை நான் யாழ்ப்பாணத்திலும் கேட்டதில்லை, மற்றத் தோட்டங்களிலும் கேட்டதில்லை. தகரக் கால் வைத்தவர்கள் எல்லோரும் வைத்துவிட்டு என்னிடமும் வந்தவர்கள்தான். கேட்டபோது சொன்னாள்: "அது தகரங்க. இது என் காலேதான." அவளிடம் பேசி ஜெயிக்க முடியவில்லை. மதாமை அழைத்துவந்தேன். மதாம் மண் தரையில் உட்கார்ந்து, அது வெறும் மாவு, வெறும் மாவு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். "மதாமுக்கு அவங்க கையில என்ன இருக்குன்னு அவங்களுக்கே தெரியல" என்றாள் அஞ்சலை, பரிவோடு.

அந்தச் சமயத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. கோயிலுக்கு மேலே தகரம்தான், சுற்றிலும் திறந்தவெளி. சாரல் அடித்து அடித்து, அம்மன் முன்னால் குவிந்திருந்த மாவுக்கால்கள் எல்லாம் ஊறி, கரைந்து, கஞ்சியாக வழிந்தன. அஞ்சலையின் காலும் அதில் போனது. கொடுத்த உருவே போன பிறகு இனியாவது கட்டுப் போட விடுவாள் என்று ஓடினேன். விட்டாள். ஆனால் புண் எலும்பைத் தொட்டுவிட்டது. டாக்டரை வரவழைத்தேன். முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார். போகும்போது வேலைக்கு லாயக்கில்லை என்று துரையிடம் சொல்லிவிட்டும் போனார். அவர் மேல் குறையில்லை, அது அவர் கடமை. லாயக்கில்லை என்றால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஒற்றைக் காலோடு நாகப்பட்டினத்தில் இறங்கி அஞ்சலை எங்கே போவாள்?

அவளுக்கும் அதுதான் பயம். உயிரைப் பற்றிக் கூட அவள் அவ்வளவு கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னைத் துணைக்கு அனுப்பினால்தான் போவேன் என்றாள். லாரியில் ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோனேன். பெரிய ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். நன்றாகவே எடுத்தார்கள், தையல் ஒழுங்காக ஆறியது. மயக்கம் தெளிந்த மறுநாள் அவள் அழுவாள் என்று தயாராகப் போனேன். அழவில்லை.

"டிரசரய்யா, அந்த மரத்துல என் காலு நிக்குதில்ல?"

"நிக்குது."

"மழ படாதில்ல அங்க?"

"கொட்டிலுக்குள்ள எப்படி மழை படும்? படாது."

"அப்ப போதும். அது நிக்கறவரைக்கும் நான் இந்த மண்ணுலதான் நிக்கறேன். என்னக் கப்பல்ல ஏத்துனாலும் ஏத்தட்டும்."

கட்டிலுக்குக் கட்டில் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாளுக்கும் கையைக் காலை ஆட்டி அதையே சொன்னாள். "தா பா, தா பா லா" என்று, பரவாயில்லை என்பதை மலாயில் சொல்லி, அந்த அம்மாள் அவள் கையைத் தடவிக்கொடுத்தார். இவ்வளவு பெரிய இழப்பை ஒரு மாவுக்கால் தாங்கிக்கொள்கிறதே என்று எனக்கு ஆச்சரியம். மதாமிடம் போய்ச் சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்தபடியே அந்த நாட்களைக் கழித்தேன்.

நாங்கள் அங்கே இருந்தபோது தோட்டத்தில் நடந்ததைக் கிராணி பின்னால் சொன்னார். பக்கத்துத் தோட்டத் துரைகள் சிலர் விருந்துக்கு வந்திருக்கிறார்கள். மரத்தைப் பார்த்த ஒருவர், உன் ஆட்களுக்கு எழுந்து நடக்க உன் தங்கையே சொல்லித் தருகிறாளா என்று கேட்டிருக்கிறார். அங்கங்கே வேலைநிறுத்தம் பேச்சாக இருந்த சமயம் அது. துரைக்கு முகம் கறுத்துவிட்டது. அதே வாரம் மதாம் அண்ணனிடம் போய், அஞ்சலையை ஊருக்கு அனுப்பாதே, ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடு, அதற்குக் கால் வேண்டாம் என்று சண்டை போட்டிருக்கிறார். துரை ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அந்த மரம் என் கண் முன்னால் உடையட்டும், அவள் இருக்கட்டும் என்றாராம்.

உடைக்கக் கூலி ஆள் வந்தபோது மதாம் அவனைத் தள்ளிவிட்டுச் சுத்தியலை வாங்கிக்கொண்டாராம். துரை பார்த்துக்கொண்டு நிற்க, ஒவ்வொரு காலாகத் தானே அடித்தாராம். பாரிஸ் போகவேண்டிய மரம் அது. தன் வாழ்க்கையில் ஒரு மனுஷிக்காக அவர் கொடுக்கக்கூடியதில் பெரியது எதுவோ அதைக் கொடுத்துவிட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஒரு லாரி முன்னாலேயே திரும்பியிருந்தால், ஒரு ஆள் மூலம் அஞ்சலை சொன்னதைச் சொல்லியனுப்பியிருந்தால் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். அப்படிச் சொல்லியனுப்ப வேண்டிய செய்தியாக அது யாருக்குத் தோன்றியிருக்கும்?

அஞ்சலை ஊருக்குப் போகவில்லை. ஆயாக் கொட்டகையில் உட்கார்ந்து, ஜப்பான்காரன் வரும்வரை தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் அவள்தான் பார்த்தாள். வாயடிப்பது மட்டும் குறைந்துபோனது. மதாம் அடுத்த கப்பலிலேயே போய்விட்டார். அவர் அதற்குப் பிறகு மாவைத் தொட்டாரா என்று எனக்குத் தெரியாது. பிரெஞ்சுக்காரர் யாரைப் பார்த்தாலும் விசாரித்தேன். அப்படி ஒரு சிற்பியை யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

நாங்கள் திரும்பி வந்த அன்று நடந்ததை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

லாரி ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மதாம் படியில் காத்திருந்தார். அப்படி ஒரு மலர்ந்த முகத்தோடு அவரை நான் பார்த்ததே இல்லை. அஞ்சலையை நான் இறக்கி, கக்கத்துக் கட்டையைக் கொடுத்து நிமிர்வதற்குள் பேசத் தொடங்கிவிட்டார்.

"டிரசர், அவளிடம் சொல்லுங்கள். அவள் போக வேண்டாம். குழந்தைகளோடு இருக்கலாம். என் அண்ணன் வார்த்தை கொடுத்துவிட்டார்."

சொன்னேன். அஞ்சலை கட்டையை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். விழப்போனவளை நான் பிடித்துக்கொண்டேன். சிரிப்பும் அழுகையுமாக ஏதேதோ சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு எட்டு என் காலப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றாள்.

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் மதாமின் முகம் மாறியது. எனக்குக் காரணம் தெரியவில்லை. அஞ்சலை அதற்குள் கட்டையை ஊன்றிப் புகைக் கொட்டகைப் பக்கம் திரும்பிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பின்புறம்தான் அது. நாங்கள் பின்னால் போனோம்.

மரம் பக்கவாட்டில் கிடந்தது. அதன் அடியில் வெள்ளைத் தூளும் துண்டுகளும். இங்கே ஒரு கட்டைவிரல், அங்கே பாதிக் குதிகால். மதாம் வேகவேகமாக எல்லாவற்றையும் சொன்னார், அண்ணன் கேட்டதை, தான் கொடுத்ததை. நான் ஒன்றையும் விடாமல் தமிழில் சொன்னேன். அஞ்சலை கேட்டாளா என்று தெரியாது. கட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் எடுத்து, தூசி தட்டி, திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எதுங்க என்னோடது?" என்று என்னைக் கேட்டாள்.

அந்தக் காலை எத்தனை முறை கழுவிக் கட்டியிருக்கிறேன். நானும் உட்கார்ந்து தேடினேன். புண் செதுக்கிய துண்டு ஒன்றுகூட முழுசாக இல்லை.

மதாம் பட்டறை மூலையிலிருந்து மாவையும் எண்ணெயையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வேறொன்று செய்யலாம், இப்போதே செய்யலாம், வலது காலில் அச்செடுத்தால் அதைப் பார்த்து இடது காலையும் தன்னால் செய்துவிட முடியும் என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே அஞ்சலையின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு அவளுடைய பாதத்தைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

அஞ்சலை அந்தக் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். கோபம் இல்லை. குழந்தைக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"இந்தக் காலயாச்சும் எனக்கு வுட்ருங்க மதாம்."

அதை ஆங்கிலத்தில் சொல்லும்படி மதாம் என்னைக் கேட்கவில்லை. எண்ணெய்க் கையைத் தன் காற்சட்டையிலேயே துடைத்துக்கொண்டு எழுந்தார்.